கமலாவுக்கு, ஸ்லிப் கண்ணி பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதமும் பாதியில் நிற்கும் பின்னலின் போட்டோவும் வந்தன. மகளுக்கு ஜனவரியில் பிரசவம் என்று படித்ததும் அப்படி ஒரு சந்தோஷம். டொராண்டோவின் குளிரில் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பாட்டி கையால் ஒரு கம்பளிப் போர்வை கட்டாயம் வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்கு முட்டிவலி குறைந்து, மறுபடி மாலை நடைக்குப் போகிறார்.

சரி, நெய்த துணி மாதிரித் தெரியும் பின்னலான லினன் ஸ்டிச் உனக்கு ஏன் சரியாக வரவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லினன் ஸ்டிச்சில் எல்லா வரிசையிலும் தெரியவேண்டிய குறுக்கு இழைகள் உனக்கு ஒன்றுவிட்டு ஒரு வரிசையில்தான் தெரிகின்றன. மீதி இழைகள் பின்பக்கம் போய்விட்டன. பேட்டர்னில், அதாவது பின்னும் குறிப்பில், ‘நூல் முன்னால்’ என்று சொன்னால், அந்த நேரத்தில் உன் முகத்தைப் பார்க்கும் பக்கம் என்று பொருள். துணியின் நல்ல பக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருப்பிப் பிடித்துப் பர்ல் (நிட் என்ற சாதாரணக் கண்ணியின் எதிர்ப்பக்கம்) போடும் வரிசையில் நல்ல பக்கம் உனக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் அங்கே நூலைப் பின்னால் கொண்டுபோய் ஸ்லிப் செய்ய, அதாவது கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்ற வேண்டும். இரட்டைப்படையில் கண்ணி போட்டுக்கொள். நல்ல பக்கத்தில் ஒரு நிட், நூல் முன்னால் வைத்து ஒரு ஸ்லிப். திரும்பும்போது ஒரு பர்ல், நூல் பின்னால் வைத்து ஒரு ஸ்லிப். இவ்வளவுதான் லினன் ஸ்டிச்.

ஸ்லிப் என்றால் அந்தக் கண்ணியைச் சும்மா விடுகிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் நிறைய நடக்கிறது. பின்னாமல் வலது ஊசிக்கு மாறிய கண்ணி, அடுத்த வரிசை உயரத்துக்கும் சேர்த்து இழுபட்டு நீள்கிறது. அதைத் தாண்டிப் போகும் நூல் ஒரு குறுக்கு இழையை விட்டுச் செல்கிறது. இழை நல்ல பக்கம் விழுந்தால் நெய்த துணி மாதிரித் தெரியும். மறுபக்கம் விழுந்தால் நீண்ட கண்ணி மட்டும் மேடாகத் தெரியும். காலுறையின் குதிகாலை நல்ல பக்கத்தில் ஒன்று ஸ்லிப், ஒன்று நிட் என்று பின்னுவது இதற்காகத்தான். பின்னால் ஓடும் இழைகள் சேர்ந்து அந்த இடம் தடித்து, தேய்மானம் தாங்குகிறது.

இன்னொன்று. பேட்டர்ன் வேறு எதுவும் சொல்லாவிட்டால் பர்ல் போடுகிற மாதிரி ஊசியை நுழைத்தே ஸ்லிப் செய். நிட் போடுகிற மாதிரி நுழைத்தால் கண்ணி திரும்பி உட்காரும், அடுத்த வரிசையில் முறுக்கிக்கொள்ளும். கண்ணி குறைக்கும் இடங்களில் மட்டும் அந்தத் திருப்பம் நமக்கு வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், குழந்தைப் போர்வைக்கு லினன் ஸ்டிச் வேண்டாம். நீண்ட கண்ணிகள் வரிசைகளைக் கீழே இழுத்து நெருக்குவதால் துணி விறைப்பாக வரும், ஒரே உயரத்துக்கு வரிசைகளும் நிறையத் தேவைப்படும். 4 மிமீ ஊசிக்குப் பதில் 5 மிமீ எடுத்தால் கொஞ்சம் இளகும், இருந்தாலும் பைக்கும் கோட்டுக்கும்தான் அது பொருத்தம்.

உனக்கு நான் சொல்வது மொசைக். அமெரிக்காவின் பார்பரா வாக்கர் அந்தப் பெயர் வைத்து 1970களில் பிரபலமாக்கிய முறை. இரண்டு கலர் இருந்தாலும் ஒரு வரிசையில் கையில் ஒரே நூல்தான். ஒரு கலரில் போய்த் திரும்பி இரண்டு வரிசை, அப்புறம் அடுத்த கலரில் இரண்டு. மற்றக் கலர் தெரியவேண்டிய இடத்தில் கீழே இருக்கும் கண்ணியை ஸ்லிப் செய்து மேலே கொண்டுவருகிறோம். போகும்போது எதை ஸ்லிப் செய்தாயோ, திரும்பும்போதும் அதையே செய். அதனால்தான் சார்ட்டில், அதாவது டிசைனின் கட்டப் படத்தில், ஒரு கோடு இரண்டு வரிசைக்குக் கணக்கு. ஸ்லிப் செய்யும்போது நூல் எப்போதும் நல்ல பக்கத்துக்கு மறுபக்கம்தான் இருக்க வேண்டும். சேர்ந்தாற்போல் ஸ்லிப் செய்வது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ, மிஞ்சினால் மூன்று. அதனால் பின்னால் நீளமான இழை தொங்காது, குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் குறைவு. இரண்டு பக்கமும் நிட்டாகவே போடு. ஓரம் சுருளாமல் போர்வை தட்டையாகக் கிடக்கும்.

முதலில் உள்ளங்கை அளவு ஒரு மாதிரி பின்னி, துவைத்துக் காயவைத்து அளந்து பார். ஒன்று வெளிர், ஒன்று அடர் என்று கலர் எடு. இரண்டும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் டிசைன் கண்ணுக்கே தெரியாது. என்ன கலர் எடுத்தாய் என்று எழுது. மாதிரியை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

மகளுக்கு என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
சரோஜா