முன்பாதியைச் சொல்லிக் காத்திருந்த அக்காவுக்கு

கர்த்தருக்குள் பிரியமான எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த எங்கள் டீச்சரம்மா செவ்வாய்க்கிழமை வீடு வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. வலது கைக்கு இன்னும் பலம் வரவில்லை, பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. ஆனாலும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். முதல் ஸ்தோத்திரம் ஆண்டவருக்கு.

ஆளுக்கொரு நேரமாக விடாமல் செய்த சங்கிலி ஜெபத்தில் நடுராத்திரி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் மாறி மாறி பஸ் ஏறி ராத்தங்கியவர்கள், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு பாய் குடும்பம், கேட்காமலே பணத்தைக் கையில் திணித்துவிட்டுப் போன பழைய மாணவர்கள், சபைப் போதகர் ஐயர், டாக்டர்கள், சிஸ்டர்கள், பிசியோதெரபி தம்பி என்று எல்லாருக்கும் நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும். கட்டாயம் வருவோம். இந்த மடலில் ஒருவருக்கு மட்டும் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஆஸ்பத்திரி வார்டின் நைட் டூட்டி ஆயாம்மா, எங்களுக்கு அக்கா. நெற்றி நிறையக் குங்குமம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் டீச்சரம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பார். மூன்றாம் நாள் ராத்திரி விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டே, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். அதுவரை "தண்ணி" என்றுகூடக் கேட்க முடியாமல் கிடந்த டீச்சரம்மா, "நான் தாழ்ச்சியடையேன்" என்று முழுசாகச் சொன்னார்.

அக்கா கடலூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஸ்கூலில் ஐந்தாவது வரை படித்தவராம். காலைப் பிரேயரில் தினமும் சொல்லவைத்த 23-ஆம் சங்கீதத்தின் ஆறு வசனமும் அவருக்கு இன்றைக்கும் தண்ணீர்பட்ட பாடு.

மூளையின் இடது பக்கத்தில் பேச்சுக்கான பகுதி அடிபட்டால், சொந்தமாக ஒரு வாக்கியத்தைக் கோர்ப்பதுதான் பெரும்பாடு. எண்களை வரிசையாகச் சொல்வது, கிழமைப் பெயர்கள், பாட்டு, ஜெபம் என்று வாய்ப்பழக்கமாகப் பதிந்தவை பலருக்கு அழியாமல் இருக்கும். எல்லாருக்கும் அப்படியென்று சொல்ல முடியாது. பேச்சுப் பயிற்சிக்கு இது மாற்றும் ஆகாது, அந்தப் பயிற்சி தனியாக நடந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் இதே நிலையில் யாராவது உங்கள் வீட்டில் இருக்கலாம் என்பதால் அக்கா செய்த விதத்தை எழுதிவைக்கிறோம்.

பலமுள்ள இடது பக்கமாக, முகம் தெரியும்படி உட்காருவார். பக்கத்தில் போன் சத்தம் இருந்தால் தொடங்கவே மாட்டார். வசனத்தை அர்த்தம் முடியாத இடத்தில் நிறுத்துவார். பிறகு பத்துப் பதினைந்து வினாடி வாயைத் திறக்கமாட்டார். துணைக்கு இருந்தவர்கள் அத்தனை பேரும் தவறியது இங்கேதான். இரண்டு வினாடிக்குமேல் பொறுக்காமல், பாவம் பார்த்து மீதியையும் சொல்லிவிட்டோம். பதில் வராவிட்டால் அக்கா இன்னொரு தரம் முன்பாதியைச் சொல்லுவார். அதற்கும் வராவிட்டால் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். டீச்சரம்மாவைக் களைக்கவிட்டதே இல்லை.

சொல்லையும் மாற்றமாட்டார். பகல் டூட்டி சிஸ்டர் ஒருவர், கத்தோலிக்கக் குடும்பம், அவரும் அன்போடு "ஆண்டவரே என் ஆயர்" என்று தொடங்கிப் பார்த்தார். அது கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்து 1995-ல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு. டீச்சரம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதில் வரவில்லை. பொருள் ஒன்றுதான். ஆனால் சின்ன வயதில் அவர் நாக்கில் ஏறியது 1871-ல் ஹென்றி பவர் குழு திருத்தி முடித்த வேதாகமத்தின் சொற்கள். அந்த சிஸ்டருக்கும் எங்கள் நன்றி, அவர் முயன்றதால்தான் இது எங்களுக்கு விளங்கியது.

இன்னொன்றும் கண்டோம். மூன்றாம் வசனத்தில் "என் ஆத்துமாவைத் தேற்றி" என்று வருகிறது. நான்காம் வசனம் "என்னைத் தேற்றும்" என்று முடிகிறது. ஒரே சொல் இரண்டு இடத்திலும் வருவதால், மூன்றில் புறப்பட்ட வாய் நான்கின் கடைசியில் போய் இறங்கி, அங்கிருந்து "பந்தியை ஆயத்தப்படுத்தி" என்று ஐந்துக்குத் தாவிவிடும். மரண இருளின் பள்ளத்தாக்கு மொத்தமும் விட்டுப்போகும். எங்கள் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வருஷா வருஷம் வழுக்குகிற இடம் அது. டீச்சரம்மாவும் அங்கேதான் வழுக்கினார். அக்கா திருத்தவில்லை. ஒவ்வொரு தரமும் "அவர் என் ஆத்துமாவை" என்று மூன்றின் தொடக்கத்துக்கே கூட்டிவந்தார். ஏழாம் நாள் ராத்திரி பள்ளத்தாக்கு வந்தது, "பொல்லாப்புக்குப் பயப்படேன்" வந்தது. அதுவரை "அவர்" என்று ஆண்டவரைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த சங்கீதம், அந்த இடத்தில்தான் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று அவரிடமே பேசத் திரும்புகிறது. அதைச் சொன்னபோது டீச்சரம்மா நிமிர்ந்து மேலே பார்த்தார். இந்தச் சங்கீதத்தை முதன்முதலில் ஒப்பித்த வயதில் அவருக்குப் பள்ளத்தாக்கு என்றால் என்ன தெரிந்திருக்கும்?

இதற்கு அப்புறம் எங்கள் சண்டே ஸ்கூல் வழக்கத்தை அப்படியே விட்டுவைக்க முடியவில்லை. வாரம் ஒன்றாக வருஷத்துக்கு 52 வசனம். ஒப்பித்ததும் ஸ்டிக்கர், அடுத்த ஞாயிறு புது வசனம். டிசம்பரில் கேட்டால் கடைசி நாலைந்துதான் நிற்கிறது. வருகிற ஜூன் முதல் 26 வசனம் போதும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஞாயிறு என்று தீர்மானித்திருக்கிறோம். படித்த அன்று ராத்திரி, மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த ஞாயிறு, பிறகு மாதம் ஒருதரம் திரும்பச் சொல்ல வேண்டும். அதிகாரமும் வசன எண்ணும் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வசனம் நினைவிருந்தும் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போகிறது.

"தேவன், தம்முடைய ஒரேபேறான குமாரனை விசுவாசிக்கிறவன் எவனோ அவன் கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு, அவரைத் தந்தருளி, இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்" என்ற யோவான் 3:16-ஐ இனிப் பின்னாலிருந்து கற்றுக்கொடுப்போம். வினைமுற்று கடைசியில் நிற்பதால் பிள்ளைகள் "அடையும்படிக்கு" வரை ஓடிவந்து அங்கே திகைத்துவிடுகிறார்கள். முதலில் "இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்". அது படிந்த பிறகு அதற்கு முன்னால் "அவரைத் தந்தருளி". இப்படியே ஒவ்வொரு துண்டாக முன்னுக்குப் போனால், எப்போது சொன்னாலும் தெரிந்த இடத்தை நோக்கித்தான் போவார்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "தாழ்ச்சியடையேன்" என்பதை இன்றைக்குப் பிள்ளைகள் பலர் "தாழ்ச்சியடைவேன்" என்கிறார்கள். ஒரே எழுத்தில் விசுவாசம் தலைகீழாகிவிடுகிறது. "பயப்படேன்" என்பதும் "பயப்படுவேன்" ஆகிறது. இந்தப் பழைய எதிர்மறை வீட்டுப் பேச்சில் இப்போது இல்லை, அதனால் காதுக்குப் பிடிபடுவதில்லை. "அடையமாட்டேன், பயப்படமாட்டேன்" என்று பொருளை முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஆனால் வசனத்தின் சொல்லை மாற்றாதீர்கள். படுக்கப்போகும்போது ஐந்து நிமிஷம் போதும். முன்பாதி நீங்கள், பின்பாதி பிள்ளை. பதிலுக்குக் காத்திருங்கள்.

அக்கா, பணம் கொடுத்தோம், நீங்கள் வாங்கவில்லை. புடவையையும் "டீச்சரம்மாவே நடந்து வந்து கொடுக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். புடவை டீச்சரம்மா பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மே மாதம் பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நடக்கிறது. முதல் நாள் நீங்கள் வந்து பிள்ளைகளுக்கு முன்பாதியைச் சொல்ல வேண்டும், டீச்சரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நைட் டூட்டி முடிந்து நீங்கள் தூங்கி எழுகிற நேரத்தைச் சொல்லுங்கள், வகுப்பை அதற்கு ஏற்றபடி மாலைக்கு வைத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
சண்டே ஸ்கூல் ஆசிரியர்கள்,
கடலூர் முதுநகர்