விளக்கக் கடிதம் பிறகு, முதல் மாத்திரை எங்கே?

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையின்போது நோயாளிக்குப் போட்ட ஊசி தங்கள் கையில் குத்திக்கொண்டவர்கள் தங்கள் கவனக்குறைவுக்கு 24 மணி நேரத்துக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்ற சுற்றறிக்கை கிடைத்தது. மருந்து எத்தனை மணிக்குள் கிடைக்கும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

எச்.ஐ.வி. உள்ள நோயாளியின் ஊசி குத்தினால், தடுப்பு மருந்தின் முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் தொடங்கிப் பயனில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்த்துத் தினமும் ஒரு வேளை, 28 நாள். அது எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மைய அலமாரியில் இருக்கிறது. மையமோ மாலையிலேயே பூட்டிவிடுகிறது. இரவு டியூட்டியில் நோயாளி கையை உதறி ஊசி விரலில் இறங்கினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவலாம். பிதுக்கக் கூடாது, பிளீச்சிங் ஊற்றக் கூடாது, தெரியும். அதன் பிறகு? சனிக்கிழமை இரவென்றால் திங்கட்கிழமை காலை வரை கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆயிரம் குத்தில் மூன்றுக்குத்தான் தொற்றும் என்ற கணக்கு அந்த இரவில் யாருக்கும் ஆறுதல் தராது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தொடக்க மாத்திரைகள் காஷுவாலிட்டியில் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். சாவி டியூட்டி டாக்டரிடம் இருக்க வேண்டும்.

கவனக்குறைவு என்கிறீர்கள். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பா முக்கால் நிரம்பியதும் மாற்ற வேண்டியது. வாய்வரை நிரம்பி, ஊசி முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஊசி வெட்டும் கட்டரின் பிளேடு மழுங்கி, வெட்டுவதற்குப் பதில் ஊசியை வளைக்கிறது. வார்டுக்கு ஒரே டப்பா என்பதால், ரத்தம் ஒட்டிய ஊசியை ஏந்திக்கொண்டு பத்துக் கட்டிலைத் தாண்டி நடக்கிறோம். நடக்கப் பயந்துதான் சிலர் ஊசி மூடியைத் திரும்பப் போடுகிறார்கள், போடும்போது குத்துகிறது. விளக்கம் இதுதான். தனித்தனியாக எழுதித் தர வேண்டுமா?

பிளாஸ்டிக் கழிவுக்கான சிவப்புப் பையில் தப்பி விழுந்த ஊசி தூய்மைப் பணியாளர் கையில்தான் ஏறுகிறது. கேட்டால், ‘அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க’ என்று பதில் வருகிறது. வைரஸ் சம்பளப் பட்டியல் பார்ப்பதில்லை, ஐயா. அவர்களில் பலருக்கு ஹெப்படைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்றுக்கான தடுப்பூசியின் மூன்று டோஸும் முடியவில்லை. அது போடாதவருக்கு, நோயாளி பாசிட்டிவ் என்றால், நூறு குத்தில் முப்பது வரை தொற்றலாம். எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு. 0, 1, 6 மாதம் என்று போட்டு முடித்து, ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் பொருள்) அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் வந்ததா என்று பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தடுப்பூசி போடுவது 2016 மருத்துவக் கழிவு விதிகளிலேயே உள்ள கடமை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தருவது 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் உள்ள கடமை. சலுகை எதுவும் கேட்கவில்லை. பாதுகாப்பு வார பேனருக்குக் கிடைக்கும் நிதி ஒரு டப்பாவுக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதை நிதிப் பிரிவுதான் சொல்ல வேண்டும்.

கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். தாழ்மையோடு திரும்பவும் கேட்கிறோம்: காஷுவாலிட்டியில் மாத்திரை, 24 மணி நேரமும், நிரந்தரப் பணியாளருக்கும் கான்ட்ராக்ட் பணியாளருக்கும் சேர்த்து. அது வந்த அன்றே விளக்கக் கடிதங்களும் தங்கள் மேசைக்கு வரும்.

இப்படிக்கு,
செவிலியர்கள், ஆய்வக நுட்புநர்கள், தூய்மைப் பணியாளர்கள்