வலிக்கு 3 என்று எழுதியது யார்? வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
சத்துவாச்சாரி, வேலூர்.
(உங்கள் பதிவில்: நோயாளியின் மகள், முதல் தொடர்பு)

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
வீட்டுமுறை இறுதிக்காலப் பராமரிப்பு நிறுவனம்.

நாள்: 09.06.2025

பொருள்: என் தந்தைக்கு ஏப்ரல் 4 முதல் மே 14 வரை தந்த வலி தணிப்புப் பராமரிப்பில் நடந்த குறைபாடுகள், மே 20 அன்று நீங்கள் அனுப்பிய பதிலை ஏற்க இயலாமை.

ஐயா / அம்மையீர்,

மே 15 விடியற்காலையில் என் அப்பா எங்கள் வீட்டிலேயே காலமானார். வயது 71. கணையத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது, இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்று மருத்துவமனையில் பொறுமையாக எடுத்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதற்காகத்தான் உங்களிடம் வந்தோம். 41 நாட்கள் அவர் உங்கள் பராமரிப்பில் இருந்தார்.

அவர் இறந்ததற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த நோய் எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வலியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கினீர்கள். அந்த ஒரு வேலைதான் நடக்கவில்லை. என் புகார் அதைப் பற்றியது.

அப்பா 26 வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநர். அதில் பெரும்பகுதி வேலூர் - திருவண்ணாமலை தடம். கண்ணமங்கலத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், போளூரில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எழுதி எழுதிப் பழகிய கை. வலிக்கு 0 முதல் 10 வரை எண் சொல்ல வேண்டும் என்று மருத்துவமனையில் கற்றுக்கொடுத்ததும், ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டுக்கொண்டார். முதல் கட்டத்தில் நேரம், இரண்டாவதில் எண், மூன்றாவதில் மாத்திரை. தலையணைக்கு அடியில்தான் அந்த நோட்டு இருக்கும். கடைசி வாரத்தில் எழுத்து கோணலாகிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை.

மே 3 காலை 9 மணிக்கு அந்த நோட்டில் 8 என்று இருக்கிறது. அன்று காலை 9.20க்கு வந்த உங்கள் நர்ஸ் செயலியில் ஏற்றிய எண் 3. மே 6 அன்று நோட்டில் 7, செயலியில் 3. மே 9 அன்று நோட்டில் 8, செயலியில் மறுபடியும் 3. இந்த மூன்று நாளும் நான் பக்கத்திலேயே இருந்தேன். வலி எப்படி இருக்கிறது என்று யாரும் அப்பாவைக் கேட்கவில்லை. வந்ததும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், நாடி பார்த்தார்கள், வருகைக்குச் சான்றாக அப்பாவோடு ஒரு படம் எடுத்தார்கள், போனில் ஏதோ தட்டினார்கள், கிளம்பிவிட்டார்கள். மே 9 அன்று படம் எடுக்கும்போது அப்பா முன்னால் குனிந்து, மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்திருந்தார். கணையத்து வலி முதுகுவரை பாயும்போது அப்படி உட்கார்ந்தால்தான் அவருக்குக் கொஞ்சம் தாங்கும். அவரை நிமிரச் சொல்லிப் படம் எடுத்தார் உங்கள் ஊழியர். அந்தப் படம் உங்கள் பதிவில் இருக்கும். தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். அந்த முகத்துக்கு 3 என்று யாராவது எழுதுவார்களா?

இப்போது மே 11 இரவுக்கு வருகிறேன். மறுநாள் சித்ரா பௌர்ணமி. உங்கள் மருத்துவர் எழுதிய கணக்குப்படி அப்பாவுக்கு மார்பின் (morphine) என்ற, கடும் வலிக்கான அபின் வகை மாத்திரை 10 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. நடு ராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்று இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு. அன்றும் 10 மணிக்கு இரண்டு மாத்திரை கொடுத்தோம். 1.40க்கு அம்மா என்னை எழுப்பினார். அப்பா கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நோட்டில் 9 எழுதியிருந்தார். அதுவரை அவர் 9 எழுதியதே இல்லை.

உங்கள் 24 மணி நேர எண்ணை மூன்றாவது முறை அழைத்தபோதுதான் எடுத்தார்கள். பேசியவர் வேறு ஏதோ ஊரில் இருப்பவர். நோயாளி எண்ணைக் கேட்டார், முகவரியைக் கேட்டார், சத்துவாச்சாரி என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்தார். அப்புறம், "அடுத்த மாத்திரை ஆறு மணிக்குத்தான், அதுவரை பொறுங்க. இடையில குடுத்தீங்கன்னா மூச்சு நின்னுடும்" என்றார். மருத்துவர் அரை மணி நேரத்தில் கூப்பிடுவார் என்றும் சொன்னார். மருத்துவரிடமிருந்து அழைப்பு வந்தது 5.10க்கு.

மாத்திரை எங்கள் அலமாரியில்தான் இருந்தது. முழு அட்டை ஒன்று, பாதி அட்டை ஒன்று. நான் அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். மூச்சு நின்றுவிடும் என்று சொன்ன பிறகு எந்த மகளுக்குக் கொடுக்கத் துணிச்சல் வரும்? அப்பா, "இன்னாமா மணி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2.15. 2.30. 2.40. ஒவ்வொரு முறையும், "ஆறு ஆவட்டும்" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். மூன்று மணிக்கு மேல் அதுவும் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டார்.

3.20க்கு ஆம்புலன்ஸ் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவர் ஏப்ரலிலேயே சொல்லியிருந்தார். உங்கள் சேர்க்கைப் படிவத்திலும் அது பதிவாகியிருக்கிறது. அங்கே அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் ஊசி போட்ட சற்று நேரத்தில் அப்பா முதுகைச் சாய்த்துப் படுத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் அப்படிப் படுத்தார். அந்த மருத்துவர் எங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இடையில் வலி வந்தால் என்ன கொடுக்கணும்னு எழுதலையா?" என்று கேட்டார். பிறகு அவரே கீழே இரண்டு வரி எழுதினார்: இடையில் வலி வந்தால் 10 மில்லிகிராம் ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுக்கலாம், நாளுக்கு மூன்று முறைக்கு மேல் தேவைப்பட்டால் வழக்கமான அளவைக் கூட்ட மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலிக்குத் தக்கபடி அளவு பார்த்துக் கொடுக்கும் மார்பின் ஆளைக் கொல்லாது, பயப்படாதீர்கள் என்று அம்மாவுக்கும் புரியும்படி சொன்னார்.

அந்த இரண்டு வரியை ஏப்ரல் 4 அன்றே உங்கள் மருத்துவர் எழுதியிருக்கலாம்.

மே 20 அன்று நீங்கள் அனுப்பிய பதிலில், போதைப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாடு காரணமாகத் தொலைபேசி வழியாக மார்பின் அளவை மாற்றிச் சொல்ல இயலாது என்று இருக்கிறது. 1985இல் வந்த அந்தச் சட்டம் புற்றுநோயாளிகளுக்கு மார்பின் கிடைப்பதையே அரிதாக்கிவிட்டது என்பதால்தான் 2014இல் அதைத் திருத்தினார்கள். மார்பின் அத்தியாவசிய மருந்தாகச் சேர்க்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வைத்துக் கொடுக்க வழி வந்தது. சரி, போனில் சொல்ல முடியாது என்றே வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கொடுப்பதை எந்தச் சட்டம் தடுத்தது? நான் கேட்பது அதைத்தான். அதற்கு உங்கள் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரின் படம் போட்டிருக்கிறீர்கள். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கியவர். நர்ஸாக இருந்து, பிறகு மருத்துவம் படித்து மருத்துவரானவர். வலி திரும்பி வரும்வரை காத்திருக்காமல் நேரப்படி மருந்து கொடுக்க வேண்டும் என்பதும், உடம்பு வலியோடு மனசின் வலியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்தியவை. அவர் படத்தைப் போட்ட கையேட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "ஆறு மணி வரை பொறுங்க" என்று சொன்னீர்கள்.

மார்பின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும், கூடவே அதற்கும் மருந்து கொடுக்க வேண்டும் என்பது இந்த வேலையில் பாலபாடம் என்கிறார்கள். ஏப்ரல் 4 சீட்டில் அதுவும் இல்லை. எட்டு நாள் அப்பாவுக்கு வெளிக்குப் போகவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு அவரும் சொல்லவில்லை. ஏப்ரல் 12 அன்று வந்த நர்ஸ்தான் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க எட்டு நாள் ஆகியிருக்கிறது. அன்றே மருத்துவரை அழைத்து மருந்து எழுத வைத்து, இனிமா கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பெண் போனார்.

அவரைப் பற்றி நல்லதும் எழுத வேண்டும், இது புகார் கடிதம்தான் என்றாலும். ஏப்ரலில் ஆறு முறை வந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பது எப்படி, வாய் உலர்ந்தால் ஈரத்துணியால் துடைப்பது எப்படி என்று அம்மாவின் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். கடைசிவரை அப்பாவுக்குப் படுக்கைப்புண் வரவில்லை என்றால் அது அவரால்தான். ஒருநாள் அப்பா இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க் குழம்பு வேண்டும் என்றார். சாப்பிட முடியாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று நான் தயங்கினேன். "நாக்குல தடவுங்கக்கா, ருசிக்காகத்தானே கேக்கறாரு" என்றார் அந்தப் பெண். தடவினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டினார். அந்த நர்ஸை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னீர்கள். ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நாளுக்கு இத்தனை வீடு என்ற கணக்கு சரிவராது என்று பிறகு வந்த ஒருவர் சொன்னார். 41 நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மொத்தம் 11 பேர். ஒவ்வொருவருக்கும் அப்பாவின் கதையை நாங்கள் முதலிலிருந்து சொன்னோம்.

காற்றுப் படுக்கையின் மோட்டார் இரண்டு முறை நின்றது, மாற்றிக் கொடுத்தீர்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை.

மே 17 அன்று நாங்கள் பால் தெளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று. திறந்து பார்த்தேன். ஊழியர் நேரத்துக்கு வந்தாரா, சீருடை சுத்தமாக இருந்ததா, செயலி பயன்படுத்த எளிதாக இருந்ததா, மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா. வலி குறைந்ததா என்ற கேள்வி இல்லை. இரவில் கூப்பிட்டபோது யாராவது வந்தார்களா, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா, நோயாளி விரும்பிய இடத்திலேயே இருக்க முடிந்ததா என்ற கேள்விகளும் இல்லை. இப்படிக் கேள்வி கேட்டால் உங்களுக்கு ஐந்து நட்சத்திரம் வந்துகொண்டேதான் இருக்கும். சீருடை சுத்தமாகத்தான் இருந்தது.

சேரும்போது நானும் சரியாகக் கேட்கவில்லை. மாதம் எவ்வளவு, தினமும் வருவார்களா, ஆக்சிஜன் உண்டா, அவ்வளவுதான் கேட்டேன். ராத்திரி 2 மணிக்கு வலி வந்தால் யார் வருவார், அவர் வேலூரில் இருப்பவரா என்று கேட்கத் தோன்றவில்லை. வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ரயிலேறி வரும் ஊர் இது. இங்கே இருந்துகொண்டு இந்தக் குறை வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் கேட்பவை இவை. மே 3, 6, 9 தேதிகளில் 3 என்ற எண் எதன் அடிப்படையில் ஏற்றப்பட்டது என்பதற்கும், மே 12 அதிகாலையில் எங்கள் அழைப்புக்கு என்ன நடந்தது என்பதற்கும் எழுத்தில் விளக்கம் வேண்டும். மாதம் 42,000 ரூபாய் என்ற கணக்கில் மே 4 அன்று கட்டிய இரண்டாவது மாதத் தொகையில் மீதி 19 நாட்களுக்கான 26,600 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இப்போது உங்கள் பராமரிப்பில் இருக்கும் ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும், மார்பின் எழுதியிருந்தால், இடையில் வரும் வலிக்கு என்ன கொடுப்பது என்பதையும் மலச்சிக்கலுக்கான மருந்தையும் இந்த வாரமே எழுத வைக்க வேண்டும். எனக்கு இதுதான் முதலில் நடக்க வேண்டும். பணம் அதற்குப் பிறகுதான். இன்றைக்கு ராத்திரியும் எந்த வீட்டிலோ ஒருவர் மணி கேட்டுக்கொண்டிருப்பார்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. மனு போட எனக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதுவரை இழுக்க எனக்கு விருப்பமில்லை.

மே 12க்குப் பிறகு அப்பா மூன்று நாள் இருந்தார். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் நான்கு முறை கூடுதல் மாத்திரை கொடுத்தோம். நோட்டில் கடைசியாக அவர் எழுதியது மே 14 மாலை 6 மணி, எண் 2.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்

இணைப்பு: அப்பாவின் நோட்டில் 12 பக்கங்களின் நகல், செயலிப் பதிவுகளின் அச்சு, ஏப்ரல் 4 மருந்துச் சீட்டு, மே 12 மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல், இரண்டு மாத ரசீதுகள். நோட்டின் அசல் அம்மாவிடம் இருக்கிறது. விசாரணைக்குத் தேவைப்பட்டால் நேரில் வந்து பார்க்கலாம், கொடுத்தனுப்ப இயலாது.