தமிழ் வகுப்பு உண்டு என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டது குறித்த புகார்

செங்காங்
சிங்கப்பூர்
9 பிப்ரவரி 2026

பெறுநர்: நிர்வாக இயக்குநர்
நகல்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் பாலர் பள்ளியின் செங்காங் கிளையில் கே1 பாலர் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் தாய் நான். சேர்க்கை எண் மின்னஞ்சல் தலைப்பில் இருக்கிறது. வீம்புக்காக நான் தமிழில் எழுதவில்லை. சென்ற ஆண்டு உங்கள் கிளை வாசலில் கொடுத்த விளம்பரத் தாளில் சீனம், மலாய், தமிழ் என மூன்றிலும் வரவேற்பு அச்சிட்டிருந்தீர்கள். தமிழில் அச்சடிப்பவரிடம் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பார் என்று நம்பி எழுதுகிறேன். அப்படி யாரும் இல்லை என்றால் என் புகாரில் பாதி அதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று ஆங்கில வடிவத்தையும் இணைத்திருக்கிறேன்.

அந்தத் தாளில் 'வணக்கம்' கடைசிப் புள்ளி இல்லாமல் 'வணக்கம' என்று நின்றது. 'பெற்றோர்' என்பதில் கொம்புகள் எல்லாம் இடம் மாறி எழுத்துகளுக்குப் பின்னால் போயிருந்தன. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் அறிவிப்புகளில் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் சிரித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளுக்குப் பதிவு நடந்தபோது மகளுக்காக விண்ணப்பித்தேன். இடமும் கிடைத்தது. அங்கே தாய்மொழி மூன்றும் உண்டு, தினமும் ஒரு மணி நேரம். ஆனால் எங்கள் புளோக்கிலிருந்து அங்கே போக எல்ஆர்டி இலகு ரயிலில் ஏறி, மாறி, பிறகு நடக்க வேண்டும். இடுப்பில் ஒன்றரை வயது மகன் வேறு. உங்கள் கிளையோ கீழே இறங்கினால் இரண்டாவது புளோக். அதனால்தான் மே மாதம் உங்கள் கிளைக்கு வந்தேன்.

சேர்க்கை அதிகாரியிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: கே1-இல் தமிழ் இருக்கிறதா? "இருக்கு, எவ்ரிடே ஒன் அவர்" என்றார். வாயால் சொன்னதை நம்பி நான் கையெழுத்துப் போடவில்லை. அன்று மாலையே வாட்ஸ்அப்பில் திரும்பக் கேட்டேன். தினமும் ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற ஆசிரியர், கே1 தொடக்கத்திலிருந்தே என்று எழுத்தில் பதில் வந்தது. பச்சை நிறத்தில் ஒரு தம்ஸ்-அப் வேறு. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

அதை நம்பி 200 சிங்கப்பூர் வெள்ளி பதிவுக் கட்டணமும் அதற்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டியும், ஒரு மாத வைப்புத்தொகை 1,180 வெள்ளியும் கட்டினேன். அதே வாரம் கல்வி அமைச்சின் இடத்தை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தேன்.

அந்த இடத்தை விட்டதால் எனக்கு என்ன போனது என்பது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அந்தப் பாலர் பள்ளி ஒரு தொடக்கப்பள்ளியின் கீழ் வருவது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தொடக்கப்பள்ளியில் தொடக்கநிலை 1 பதிவு கட்டம் கட்டமாக நடக்கும்போது, முன்னதாக வரும் 2ஏ கட்டத்திலேயே முன்னுரிமை உண்டு. என் மகள் 2028-இல் தொடக்கநிலை 1 போவாள், 2027 நடுவில் பதிவு. அப்போது நான் பள்ளியோடு தொடர்பு இல்லாதவர்களுக்கான 2சி கட்டத்தில், வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரக் கணக்கு பார்த்துக்கொண்டு, குலுக்கல் வருமா வராதா என்று நகம் கடித்துக்கொண்டு நிற்பேன். இதை எந்த வைப்புத்தொகையும் ஈடு செய்யாது.

நவம்பரில் அறிமுக நாள். மகள் புதுச் சீருடையில் (அதற்குத் தனிப் பணம்) வந்து உட்கார்ந்தாள். தமிழ் ஆசிரியரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "முதல் நாள் பார்ப்பீர்கள்" என்றார் முதல்வர். 38 வெள்ளிக்குத் தமிழ்ப் பயிற்சிப் புத்தகமும் எழுத்து அட்டைகளும் வாங்கச் சொன்னார்கள், வாங்கினேன். இந்தப் புத்தகம் பின்னால் வரும், நினைவில் வையுங்கள்.

ஜனவரி 5, திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. அன்று தமிழ் இல்லை. அட்டவணை தயாராகவில்லை என்றார்கள். இரண்டாம் வாரம், ஆசிரியருக்கு உடம்புக்கு முடியவில்லை. மூன்றாம் வாரம்தான் விஷயம் வெளியே வந்தது: குறைந்தது ஆறு பிள்ளைகள் சேர்ந்தால்தான் தமிழ் வகுப்பு, மூன்று பேர்தான் இருக்கிறார்கள், ஆகவே இப்போதைக்கு இல்லை. உடம்புக்கு முடியாமல் போன ஆசிரியர் யார் என்று கேட்டேன். முதல்வர் பேச்சை மாற்றினார்.

ஆறு பேர் வேண்டும் என்ற விதி விளம்பரத் தாளில் இல்லை, வாட்ஸ்அப்பில் இல்லை, அறிமுக நாளிலும் யார் வாயிலும் வரவில்லை. ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் "தேவைக்கேற்ப பாடத்திட்டம் மாறலாம்" என்ற ஒரு வரி இருப்பதை முதல்வர் விரலால் சுட்டிக் காட்டினார். சரி, அதுவும் கையெழுத்துப் போட்டதுதான். ஆனால் தலையெண்ணிக்கைதான் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் நிறுவனத்தின் விளம்பரம் இருக்கிறது. பாலர் பள்ளித் தமிழ் ஆசிரியர் தேவை, பணியிடம் செங்காங், பதிவேற்றிய மாதம் செப்டம்பர் 2025. அதாவது செப்டம்பரிலேயே உங்களிடம் ஆள் இல்லை. நவம்பரில் எனக்குப் புத்தகம் விற்றீர்கள்.

பாலர் பள்ளிக்குத் தமிழ் ஆசிரியர் கிடைப்பது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். என் தோழி ஒருத்தி அந்த வேலையில்தான் இருக்கிறாள். ஒரே நாளில் இரண்டு கிளைகளுக்கு ஓடுகிறாள். நம் எண்ணிக்கையும் தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடுதான். ஆள் இல்லை என்று செப்டம்பரில் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். வேறு இடம் தேடியிருப்பேன். அக்டோபர், நவம்பரில் எங்காவது காத்திருப்புப் பட்டியலில் நகர்ந்திருக்கலாம். எல்லாக் கதவும் மூடிய பிறகு ஜனவரி மூன்றாம் வாரத்தில் சொன்னீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இனி, தமிழ் நேரத்தில் என் மகள் என்ன செய்கிறாள் என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் பள்ளிச் செயலியில் தினமும் படங்கள் போடுகிறீர்கள். ஜனவரி 22 அன்று சீன வகுப்புப் படங்கள் பதினான்கு வந்தன. ஆசிரியர் சிவப்பு உறை காட்டுகிறார், பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். நான்காவது படத்தின் ஓரத்தில், அலமாரிப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பிள்ளை ஜிக்சா துண்டுகளைக் கொட்டி வைத்திருக்கிறாள். இரட்டைச் சடை, இடது சடையில் மஞ்சள் ரிப்பன். காலையில் நான் கட்டிவிட்ட ரிப்பன். எட்டாவது படத்திலும் அதே முதுகு.

அன்று இரவு அவளைக் கேட்டேன். "டீச்சர் சொன்னாங்க இது சைனீஸ் டைம், நான் குவயட்டா பஸல் பண்ணணும். நான் குவயட்டாதாம்மா இருந்தேன்" என்றாள், ஏதோ பாராட்டு வாங்கியவள் போல. அவள் அப்பாயி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீனம் கற்பதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. சீனப் பெருநாள் பாட்டை வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிகிறாள், நாங்களும் சேர்ந்து பாடுகிறோம். அவளைச் சீன வகுப்பிலேயே உட்கார வைக்கலாமே, "மோர் யூஸ்ஃபுல்" என்றார் முதல்வர். தொடக்கநிலை 1-இல் அவள் எடுக்கப்போகும் தாய்மொழிப் பாடம் தமிழ். எழுத்து தெரியாமல் அங்கே போய் நிற்கும்போது இந்த யூஸ்ஃபுல் யாருக்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"வீட்டில்தான் தமிழ் பேசுகிறீர்களே, நீங்களே சொல்லிக்கொடுக்கலாமே" என்பது அவரது அடுத்த யோசனை. வீட்டில் ஆங்கிலமும்தான் பேசுகிறோம். அதற்காக உங்கள் ஆங்கில வகுப்பை நிறுத்திவிடுவீர்களா? வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து, சோறு ஊட்டி, குளிப்பாட்டி, அதற்கு மேல் 'ஆ'வுக்குச் சுழி போடக் கற்றுத்தர எனக்குத் தெம்பு இருந்தால் மாதம் 1,180 வெள்ளியும் ஜிஎஸ்டியும் எதற்குக் கட்டுகிறேன்? அரசாங்கம் தரும் 300 வெள்ளி அடிப்படை உதவித்தொகை போக, கையிலிருந்து 986 வெள்ளி 20 காசு போகிறது. நீங்கள் அரசாங்கத்தின் கட்டண உச்சவரம்புக்குள் வரும் நடத்துநரும் அல்ல. அங்கே முழுநாள் பராமரிப்புக்கு இந்த ஆண்டு, நடத்துநரின் வகையைப் பொறுத்து, 610 அல்லது 650 வெள்ளிதான் வரம்பு, ஜிஎஸ்டி தனி. கூடுதலாகக் கொடுப்பது தமிழும் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்றுதான்.

தீபாவளிக்கு ரங்கோலி போட்டு, பட்டுப் பாவாடையில் படம் எடுத்து, முறுக்கு கொடுப்போம் என்றும் சொன்னார்கள். நல்லது, செய்யுங்கள். அதைத் தமிழ் வகுப்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது வேறு. எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்து இன்னும் மூன்று தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்தால் வகுப்பு தொடங்கலாம், எனக்குப் பரிந்துரைத் தள்ளுபடியும் உண்டு என்றார்கள். நீங்கள் எனக்குத் தர வேண்டியதை நான் ஆள் பிடித்துக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டுமா? ஆசிரியரே இல்லாத வகுப்புக்கு நான் போய் இன்னொரு தாயைச் சேர்த்துவிட்டால், நாளை மின்தூக்கியில் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஜனவரி 5 முதல் பிப்ரவரி 6 வரை 25 பள்ளி நாள்கள். நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட 25 மணி நேரத்தில் ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. முதல்வருக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்கு 'மேலிடத்துக்குத் தெரிவித்துள்ளோம்' என்று பதில். இரண்டாவது கிணற்றில் போட்ட கல்.

மகளை இம்மாத இறுதியில் நிறுத்துகிறேன். ஒரு மாத முன்னறிவிப்பு இல்லை என்று வைப்புத்தொகையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. வாக்கை முதலில் மீறியது நான் அல்ல. வைப்புத்தொகை 1,180, பதிவுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 218, தமிழ்ப் புத்தகத்துக்கு 38, ஆக 1,436 வெள்ளி எனக்குத் திரும்ப வர வேண்டும். இரண்டு மாதக் கட்டணத்தில் நடக்காத தமிழ் நேரத்துக்கு எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போட்டு எழுதுங்கள், பார்க்கிறேன். சீருடைப் பணத்தை நான் கேட்கவில்லை, அவள் அதைப் போட்டாள். மற்ற இரண்டு தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உண்மை நிலையை எழுத்தில் சொல்லுங்கள். ஒருவர் இன்னும் ஆசிரியருக்குக் காய்ச்சல் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். ஆசிரியர் வந்து சேரும் வரை விளம்பரத் தாளிலிருந்தும் இணையத்தளத்திலிருந்தும் தமிழ் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கே1-க்கு அடுத்த ஆண்டு இடம் தேடும் பெற்றோர் இப்போதுதான் கிளை கிளையாக ஏறி இறங்குகிறார்கள்.

பிப்ரவரி 23-க்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். சீனப் பெருநாள் விடுமுறை இடையில் வருவதால்தான் இரண்டு வாரம் தருகிறேன். வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன், பாலர் பள்ளிகளுக்கு உரிமம் வழங்கும் இசிடிஏவுக்கும் இதே கடிதம் போகும். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. இந்தத் தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் வைக்க முடியாது, இரண்டு தரப்பும் தாங்களேதான் பேச வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு வருவேன்.

வகுப்பு ஆசிரியர்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஆங்கில ஆசிரியை மகளை அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறார். ஜிக்சா எடுத்துக் கொடுத்ததும் அவராகத்தான் இருக்கும், பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று. இந்தக் கடிதத்தால் அவருக்கு எந்தத் தொல்லையும் வரக் கூடாது.

இப்படிக்கு,
கே1 மாணவியின் தாய்

பி.கு.: அந்தத் தமிழ்ப் பயிற்சிப் புத்தகம் வகுப்பு அலமாரியில், இரண்டாம் தட்டில், நெகிழி உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை அழைக்க வந்தபோது பார்த்தேன். 38 வெள்ளியைத் திருப்பித் தரும் வரை அது எங்களுடையது. திங்கட்கிழமை அவள் பையில் வைத்து அனுப்பிவிடுங்கள். பணம் வந்ததும் வேண்டுமானால் புத்தகத்தைத் திரும்பக் கேளுங்கள், ஆனால் அதற்குள் அவள் எழுதத் தொடங்கியிருப்பாள்.