கடைசி பெஞ்சிலிருந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. பயணம் முடிந்து திரும்பியதும் பதில் எழுதலாம் என்று இருந்தேன், இங்கே விடைத்தாள் கட்டு காத்துக்கொண்டிருந்தது. கோபித்துக்கொள்ளாதே.

உங்கள் பள்ளிக்கும் வெளிநாட்டில் ஒரு இணைப்பள்ளி அமைந்திருக்கிறது, மூன்று மாதம் தன்னார்வ ஆசிரியராகப் போய் வரலாமா என்று கேட்டிருந்தாய். நான் போய் வந்த கதையைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே முடிவு செய்.

முதல் வாரம் நான்தான் கதாநாயகன். 72 பிள்ளைகள் இருக்கும் வகுப்பைக் கொடுத்துக் கணக்குப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். வண்ணச் சாக்பீஸ், விளையாட்டு, கைதட்டல் என்று அமர்க்களப்படுத்தினேன். “புரிந்ததா?” என்று கேட்டால் கூரை அதிரும்படி “புரிந்தது!” என்பார்கள். இரண்டாம் வாரம் சின்னதாக ஒரு தேர்வு வைத்தேன். பாதியையும் பாதியையும் கூட்டினால் எவ்வளவு? வகுப்பில் சரிபாதிப் பேர் ‘நாலில் இரண்டு’ என்று எழுதியிருந்தார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். என் ஆங்கிலத்துக்கும் அவர்கள் வீட்டு மொழிக்கும் நடுவே கணக்கு எங்கோ நழுவி விழுந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை.

அதைவிட உறுத்தியது வேறு. அந்த வகுப்புக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். பதினோரு வருட அனுபவம். நான் வந்ததும், “விருந்தாளி எடுக்கட்டும்” என்று அவரை ஆபீஸில் உட்காரவைத்து, வருகைப் பதிவேடு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உதவி செய்யப் போனவன் அந்தப் பிள்ளைகளின் டீச்சரையே அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டேன்!

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். இணைப்பள்ளிக்காரர் மனம் கோணக்கூடாதே என்று அவருக்குச் சங்கடம். கெஞ்சாத குறையாகக் கேட்டபிறகு ஒத்துக்கொண்டார். மறுநாள் டீச்சர் வகுப்புக்கு வந்தார், நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன். நம் பழைய இடம்தான், ஒன்றும் புதிதில்லை.

டீச்சர் கொண்டுவந்தது ஒரு கயிறு, மூன்று துணிக்கிழிசல். அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். கயிற்றை மடித்துப் பாதியில் சிவப்புத் துணியைக் கட்டினார். மறுபடி மடித்துக் கால், முக்கால் இடங்களில் வெள்ளைத் துணி. ‘நாலில் இரண்டு’ எழுதிய பையன் ஒருவனைக் கூப்பிட்டு, “நாலில் இரண்டு எங்கே இருக்கிறது? போய் நில்” என்றார். (பக்கத்திலிருந்த பெண் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.) பையன் ஒவ்வொரு துணியாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போய்ச் சிவப்புத் துணியில் நின்றான். “பாதி எங்கே?” என்றார் டீச்சர். பையன் நகரவில்லை. தன் கையிலிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தான். “சரி, இன்னொரு பாதி நட.” நடந்தான், கயிறு முடிந்துபோனது. வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். நான் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் எனக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. 72 நோட்டில் பாதியை நான் திருத்தினேன். பின்தங்கிய பத்துப் பேரைச் சாயங்காலம் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன், எதைச் சொல்லித்தர வேண்டும் என்று டீச்சர் எழுதிக் கொடுப்பார். முதல் வாரத்துக் கைதட்டல் திரும்பக் கிடைக்கவில்லை என்பது உண்மை.

பிரிட்டனில் வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வ அமைப்பை 1958-ல் அலெக் டிக்சன் தம்பதி தொடங்கியபோது, பள்ளிப் படிப்பை முடித்த 18 வயதுப் பையன்களைத்தான் வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். சில வருடங்களில் பட்டதாரிகளுக்கு மாறி, பிறகு தொழில் தெரிந்தவர்களை அனுப்பினார்கள். நல்ல மனசை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று நானும் பத்து நாளில் தெரிந்துகொண்டேன்.

புத்தகப் பெட்டி அனுப்பப்போவதாகவும் எழுதியிருந்தாய். அதில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். முன்பு நாங்கள் அனுப்பிய பெட்டிகளை அங்கே பார்த்தேன். பீரோவில் அழகாக அடுக்கிப் பூட்டியிருந்தது. ஒன்று தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் கணக்கு இடிக்கும், பொறுப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். யார்தான் திறப்பார்கள்? “தொலைந்தால், கிழிந்தால் பரவாயில்லை” என்று ஒரு கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும். நீ பெட்டியோடு சேர்த்தே அனுப்பிவிடு. அதற்கும் முன்னால், என்ன புத்தகம் வேண்டும் என்று அவர்களைக் கேள்.

மற்ற ஏற்பாடுகளில் சில. சம்பளம் இல்லாவிட்டாலும் அதை வேலை என்றே பார்க்கும் நாடுகள் உண்டு, அதனால் சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்கலாம் என்று நினைக்காதே. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கிற நாடு என்றால் கடைசி நேரம்வரை தள்ளிப்போடாதே, போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். முன்பெல்லாம் 10 வருடத்துக்கு ஒரு முறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலையிலிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழை அவர்கள் கேட்காவிட்டாலும் எடுத்துக்கொண்டு போ. கேட்டால் சந்தோஷப்படு, பிள்ளைகள் விஷயத்தில் கவனமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, இதில் நான் கறாராகவே சொல்வேன். வார இறுதியில் அனாதை இல்லத்துக்கு அழைத்துப்போகிறோம் என்று யாராவது திட்டத்தில் சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல். அப்பா அம்மா உயிரோடு இருக்கிற பிள்ளைகளையே வெளிநாட்டு விருந்தினருக்காகக் கொண்டுவந்து வைத்திருக்கும் இல்லங்கள் உண்டு. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது இந்த விவகாரமும் பேச்சில் அடிபட்டது.

போன வாரம் டீச்சர் போனில் பேசினார். கயிறு விஷயத்தை என் வகுப்பில் செய்து பார்த்தேனா என்று கேட்டார். செய்தேன், மூன்றில் ஒரு பங்கு மடிக்கும்போது மாட்டிக்கொண்டேன் என்றேன். ஒரே சிரிப்பு. எப்படி மடிப்பது என்று படம் வரைந்து அனுப்புகிறேன் என்றிருக்கிறார். வந்ததும் உனக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

உன் அன்பு நண்பன்

பின்குறிப்பு: அவர்களுடைய விடுமுறை எப்போது என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பல நாடுகளில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நம் விடுமுறையை மட்டும் பார்த்துப் போனால், பூட்டிய பள்ளிக்கூடத்தின் வாசலில் நிற்பாய்.