மறுநாள் சாயங்காலத்துக்கு எந்தப் பீர்?

ரெங்கம், ஜொகூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டீர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உன் தங்கச்சி அப்போதே புடவைப் பேச்சை எடுத்துவிட்டாள். கோயிலுக்கு இவளும் நானும் முதல் நாளே வந்துவிடுவோம்.

நாம் பிறந்த லயம், அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு, இப்போது இல்லை. பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை போட்டது உனக்குத் தெரியும். போன மாதம் லயத்தையும் இடித்துவிட்டார்கள். கள்ளுக்கடை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அந்தத் தரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். உன் கேள்விக்குப் பதில் அங்கே நிற்கும்போதுதான் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

கோயில் சடங்கு முடிந்த மறுநாள் சாயங்காலம் நம் வகுப்புப் பையன்கள் எட்டுப் பேரும் உன் வீட்டுக்கு வரும்போது, நீ காய்ச்சும் பீர்களில் எதை ஊற்றுவது என்று கேட்டிருந்தாய். ஹாப்ஸ் வாசனை தூக்கலான ஐபிஏ, கறுப்பான பால் ஸ்டவுட், ஜெர்மன் கோதுமைப் பீர், வெளிர் நிறக் கோல்ஷ் என்று நாலு பெயர் எழுதியிருந்தாய். (ஹாப்ஸ், பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற பூ.) நான் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் உன் சமையலறையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அண்டாவைக் கிளறியிருப்பேன்! இங்கே லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன். கை சும்மா இருந்தாலும் மனசு அங்கேதான் இருக்கிறது. அதனால் இரண்டு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கோப்பிக்கடையில் நம் ஆட்களோடு உட்காரும்போது யார் எதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று கவனித்தேன். நாலு பேர் கார்ல்ஸ்பெர்க், ஒருவன் டைகர், மூன்று பேர் கின்னஸ் ஸ்டவுட். பெரிய போத்தல், சின்ன கிளாஸ். ஒருவனுக்கு ஒருவன் ஊற்றிக்கொள்கிறார்கள். எல்லார் கிளாசிலும் ஐஸ். தொட்டுக்கொள்ள கச்சாங் பூத்தே (கடலை, பருப்பு வகை), கையில் காசு இருந்தால் காட்டுப்பன்றி வறுவல். உன் விருந்தாளிகளின் நாக்கு இதுதான்.

முதலில் ஐபிஏயை எடுத்து வைத்துவிடு. எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். சிகாமட்டிலிருந்து என் மச்சான் வந்த அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? உன்னிடம் இருந்ததிலேயே நல்லதை ஊற்றிக் கொடுத்தாய். ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்காகக் கடைசி வரை கிளாசைக் கையிலேயே வைத்திருந்தார். நீ ஒரு மணி நேரம் ஹாப்ஸைப் பற்றி விளக்கினாய். உனக்கும் வருத்தம், அவருக்கும் சங்கடம். அவர் நாக்கில் தப்பே இல்லை.

அன்றைக்கு நாம் கசப்புதான் காரணம் என்று நினைத்தோம். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டவுட் கசக்கவில்லையா? கடையில் விற்கும் கார்ல்ஸ்பெர்க், டைகர் மாதிரி லாகரைவிட நன்றாகவே கசக்கும். அதை நம் ஆட்கள் முகம் சுளிக்காமல் குடிக்கிறார்கள். ஏனென்றால் அதில் வறுத்த பார்லியின் கசப்பும் கலந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து கோப்பி ஓ (பால் இல்லாத கறுப்புக் கோப்பி) குடித்து வளர்ந்த நாக்குக்கு அது சொந்தக்காரன் மாதிரி. ஐபிஏயில் பம்ளிமாசுத் தோலும் பைன் பிசினும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை எழும்புகிறதே, அதற்குத்தான் நம் ஆட்களின் ஞாபகத்தில் இடமில்லை. மேல்நாட்டுப் புத்தகங்களில் லாகர் குடிப்பவர்களுக்குக் கறுப்புப் பீர் என்றால் பயம், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்று எழுதியிருப்பான். நம் தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்கே தெம்புக்கு என்று ஸ்டவுட் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. இங்கே கறுப்பு பழகின நிறம்.

அதனால் ஸ்டவுட் கட்டாயம் வேண்டும். ஆனால் பால் ஸ்டவுட் வேண்டாம். அதில் போடும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை ஈஸ்ட் தின்னாது, அப்படியே மிஞ்சிவிடும். நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குப் பாலே ஒத்துக்கொள்வதில்லை. ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பழி உன் பீர் மேல்தான் விழும். வெப்ப நாடுகளுக்கென்று கின்னஸ் காய்ச்சும் ஃபாரின் எக்ஸ்ட்ரா மாதிரி, கொஞ்சம் கெட்டியாக, 6 சதவீதத்துக்கு மேல் வருகிற மாதிரி போடு. ஐஸ் போட்டுக் குடிப்பார்கள் என்பதை மறக்காதே. மெல்லிய ஸ்டவுட் ஐஸ் கரைந்ததும் தண்ணீராகிவிடும். கெட்டியானது கடைசி மடக்கு வரை நிற்கும். ஐஸ் போடாதே என்று யாரிடமும் சொல்லிவிடாதே, நண்பா. அவர்கள் குடிக்கிற விதத்துக்கு ஏற்றபடி நாம் காய்ச்சலாம்.

கார்ல்ஸ்பெர்க், டைகர் ஆட்களுக்குக் கோல்ஷ்தான். கொலோன் நகரத்துப் பீர் என்று இவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பளிச்சென்று பொன் நிறத்தில், நுரையோடு, வாயில் ஒட்டாமல் இறங்கினால் போதும். அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகும். டைகர் 1932-லிருந்து உன் ஊரில் காய்ச்சப்பட்ட பீர். நம் அப்பா காலத்து நாக்குக்கே அது பழக்கம். அந்த நாக்கு இந்த வகைப் பீரில் சின்னக் குறையைக்கூடக் கண்டுபிடித்துவிடும். ஸ்டவுட்டில் ஒரு தப்பு நடந்தால் வறுத்த பார்லியின் சுவை மூடி மறைத்துவிடும். வெளிர் பீரில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வெண்ணெய் வாசம் வந்தாலும், பச்சை ஆப்பிள் வாசம் வந்தாலும் முதல் வாயிலேயே தெரியும். அதனால் அவசரப்படாதே. பழைய ஃபிரிட்ஜில் 15, 16 டிகிரியில் புளிக்க வை. முடிகிற நேரத்தில் இரண்டு மூன்று நாள் 18-க்கு ஏற்று. ஈஸ்ட் அந்த வெண்ணெய் வாசத்தைத் தானே தின்றுவிடும். அப்புறம் 1, 2 டிகிரியில் மூன்று நாலு வாரம் அசைக்காமல் கிடக்கட்டும். கசப்பு ஐபியு (பீரின் கசப்பு அளவு) 20 அளவில் இருந்தால் போதும். நீ வழக்கமாகக் கடைசியில் கைநிறையப் போடுகிற ஹாப்ஸை இந்த ஒரு தடவை போடாதே.

தெளிய வைக்க ஜெலட்டின் போடுவாயே, அதை இந்தத் தடவை தொடாதே. மாட்டுத்தோல், மாட்டெலும்பிலிருந்தும் அது வரும். நம் ஆட்களில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் நாலு பேர். பீரில் அடியில் தங்கிப் போய்விடும் என்று நீ சொல்லலாம். ஆனால் தெரியாமல் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குளிரில் வைத்தாலே தெளியும். கொதிக்கும்போது ஐரிஷ் மாஸ் என்ற கடற்பாசி ஒரு சிட்டிகை போட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது கோதுமைப் பீர். கள்ளுக்கடைத் தரையில் நிற்கும்போது இதுதான் ஞாபகம் வந்தது. கலங்கலாக, வெளுப்பாக, லேசான புளிப்போடு, பழ வாசனையோடு ஒன்றை நம் ஆட்கள் ஏற்கனவே அறிவார்கள். காலையில் இறக்கின கள்ளு இனிக்கும், சாயங்காலம் புளிக்கும். உன் கோதுமைப் பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கிறது. எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை, பழமும் இல்லை, மசாலாவும் இல்லை. நம் பெரியவர் இரண்டு வருஷம் பெயிலாகி நம்மோடு படித்தவர், ஞாபகம் இருக்கும். கள்ளுக்கடை மூடின நாளிலிருந்து அதைப் பற்றிப் பேசாத வாரமே இல்லை. அவர் கிளாசில் இதை ஊற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்தைப் பார். இதை மட்டும் கடைசியாகக் காய்ச்சு, பழசானால் அந்த வாசனை போய்விடும்.

அளவு உனக்கே தெரியும். சிங்கப்பூர்ச் சட்டப்படி ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான், அதற்கு மேல் கூடாது. இந்த மாதமே ஸ்டவுட் 10 லிட்டரும் கோல்ஷ் 15 லிட்டரும், அடுத்த மாதம் கோதுமை 8 லிட்டரும் போட்டால் ஆளுக்குத் தாராளம். பெரிய போத்தலில் அடை. கோல்ஷுக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும். அடியில் படியும் ஈஸ்ட் கிளாசில் விழாமல் நீயே ஊற்று. பார்த்ததும் கெட்டுப்போனது என்று நினைத்துவிடுவார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டில் காய்ச்சினது என்று நீ சொன்னதும் இவர்கள் காதில் சம்சு, அந்த மலிவுச் சாராயம், என்றுதான் விழும். என் பெரியப்பாவைச் சம்சுதான் கொண்டுபோனது. கிராணி (தோட்டக் கணக்கர்) மகன் என்று நாம் கூப்பிடுகிறவனுடைய அப்பாவும் அதே மாதிரி நம் கண்ணெதிரே போனவர். 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்துப் பலர் செத்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. கோப்பிக்கடையில் உன் பீரைப் பற்றிப் பேச்செடுத்தபோது கிராணி மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் குடிக்க மாட்டேன் என்று மெதுவாகச் சொன்னான். எனக்கு நெஞ்சு கனத்துப் போனது.

அவனுக்கு நான் என்னால் முடிந்தவரை சொன்னேன். பீர் வடிக்கிற சரக்கு இல்லை, முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு எடுத்து, ஹாப்ஸோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறினபின் ஈஸ்ட் போடுவதுதான், நெருப்பில் ஏற்றிச் சாராயம் பிரிப்பதே கிடையாது, ஆளைக் கொன்றது யாரோ காசுக்காகக் கலந்த மெத்தனால் என்றேன். கேட்டுக்கொண்டான். ஆனால் பேச்சால் போகிற பயம் இல்லை அது. எட்டுப் பேரும் வந்ததும் முதல் போத்தலைத் திறக்காதே. சமையலறைக்கு அழைத்துப்போய் அண்டாவைக் காட்டு, அந்த முளைகட்டின பார்லியை, மால்ட்டை, ஆளுக்கு ஒரு பிடி மெல்லக் கொடு. அது இனிப்பாக, கருகாத பிஸ்கட் மாதிரி இருக்கும். அவர்கள் முன்னால் முதல் கிளாசை நீ குடி, இரண்டாவதை நான் குடிக்கிறேன். அப்படியும் அவன் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. அவனுக்கென்று கரும்புச்சாறு குளிரவைத்து, அதே மாதிரி கிளாசில் ஊற்றிக் கொடு. இரண்டு பேருக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இஞ்சி போட்ட சோடா இருக்கட்டும். சாப்பாட்டை முன்னாலேயே கொடுத்துவிடு, வெறும் வயிற்றில் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

வேன் பேசியாகிவிட்டது. குட்டையன்தான் ஓட்டுகிறான், அன்றைக்குத் தொட மாட்டேன் என்று அவனே சொன்னான். 2020-இல் இங்கே வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் இருக்கலாம் என்கிற மது அளவை, 100 மில்லிலிட்டருக்கு 80-லிருந்து 50 மில்லிகிராமாகக் குறைத்ததிலிருந்து அவன் இதில் ரொம்பக் கண்டிப்பு. அவனுக்கு மட்டும் ஒவ்வொரு வகையிலும் ஒரு போத்தல் எடுத்து வை. மறுமுறை தனியாக வரும்போது உன் வீட்டில் தங்கிக் குடிக்கட்டும். ஜொகூர் பாலத்தைத் தாண்டி எதையும் கொண்டுவர வேண்டாம்.

ஸ்டவுட்டை எப்போது போடப் போகிறாய் என்று எழுது. கிராணி மகனுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டலாமா என்றும் எழுது. நீ சரி என்றால் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பள்ளித்தோழன்