பழுதுபார்த்து வந்த நீரடி ஃபிளாஷுக்குள் கடல்நீர்: புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், புதுச்சேரி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: சேவைக் குறைபாடு, இழப்பீடு கோருதல்

ஐயா,

உங்கள் சேவை மையம் பழுதுபார்த்து அனுப்பிய நீரடி ஃபிளாஷ் (கடலுக்கடியில் படமெடுக்கும்போது கேமராவுக்கு ஒளி தரும் கருவி), புதுச்சேரிக் கடலில் முதல் முறை இறக்கியபோதே தண்ணீர் புகுந்து செயலிழந்துவிட்டது. அதற்கு, ‘பேட்டரி மூடியின் ஓ-ரிங்கை (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வாடிக்கையாளர் பராமரிக்கவில்லை’ என்று ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். கருவியைப் பார்த்துவிட்டா எழுதினீர்கள்? அது இன்னமும் என் மேசைமேல்தான் இருக்கிறது.

இந்த மாடலில் பேட்டரி அறை தனி, மின்சுற்று இருக்கும் உட்பகுதி தனி. நடுவே தடுப்பு உண்டு. பேட்டரி மூடி கசிந்திருந்தால் முதலில் பேட்டரிகள் அல்லவா நனைய வேண்டும்? அந்த அறை உலர்ந்து கிடக்கிறது. முனைகளில் பச்சைக் களிம்பு பொட்டளவும் இல்லை. தண்ணீர் நிற்பது முன்கண்ணாடிக்குப் பின்னால், ஃபிளாஷ் குழாயைச் சுற்றி. டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடி விளிம்பில் கறுப்பு ஓ-ரிங் ஓரிடத்தில் பள்ளத்தைவிட்டு எழும்பி நசுங்கியிருப்பது தெரிகிறது. உப்பு பூத்திருப்பதும் அங்கேதான். அந்த ஓ-ரிங்கை மாற்றியது உங்கள் சேவை மையம். திருகுகள்மேல் நீங்கள் ஒட்டிய முத்திரை ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறது.

ரசீதில் ‘அழுத்தச் சோதனை’ என்று தனிக் கட்டணமும் வாங்கியிருக்கிறீர்கள். கருவி இறங்கியது 18 மீட்டர். அங்கே அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்குதான். உங்கள் கையேடு 100 மீட்டர் வரை தாங்கும் என்கிறது. நசுங்கிய ஓ-ரிங் எந்தச் சோதனையில் தேறியது?

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், திருகுகளைக் கழற்றி ஹேர் டிரையரில் காட்டச் சொன்னார். அணைத்த பிறகும் சுமார் 300 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடிய கெப்பாசிட்டர் உள்ளே இருக்கிறது, கூடவே உப்புத்தண்ணீர். அதில் அவர் கை வைப்பாரா? முத்திரை கிழிந்தால் அதையே காரணம் காட்டிவிடுவீர்கள் என்பது வேறு விஷயம்.

நாள் தள்ளத் தள்ள உப்பு மின்சுற்றை அரிக்கும். ஆகவே உங்கள் செலவில் கருவியை உடனே எடுத்துச்சென்று, கட்டணமின்றிச் சரிசெய்யுங்கள்; முடியாதென்றால் மாற்றுக் கருவி தாருங்கள். அழுத்தச் சோதனை அறிக்கையின் நகலும் வேண்டும். இரண்டு வாரத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் என் ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், முன்கண்ணாடி, பேட்டரி அறை, முத்திரை ஆகியவற்றின் படங்கள்